கவாத்துக்காரரும் சந்தன வேம்பும்

தேனிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இப்போது மகோகனிப் பேச்சுதான். கோடி கிடைக்கும் என்று நோட்டீஸ் அடித்துக் கன்று விற்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம் அது. 1795இல் ஜமைக்காவிலிருந்து கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. நம் வேம்புக்குப் பங்காளி. அதே குடும்பத்துச் சந்தன வேம்பு நம் மலையிலேயே நிற்கிறது, அதைக் கேட்பாரில்லை. அதை அறிந்த ஆள் வீரபாண்டியில் இருப்பதாக நண்பர் கூட்டிப்போனார்.

கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா முடிந்து ராட்டினங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கப்போன கவாத்துக்கார அண்ணனுக்கு அது வேலை தொடங்கும் காலம். இளவட்டத்திலிருந்தே ஏலத்தோட்டங்களில் மரக் கவாத்து. ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. தென்மேற்கு மழை இறங்குமுன் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் அவர் வைத்த சந்தன வேம்பு ஒன்றில் ஏறிக் காட்டினார். கையில் ஒற்றை அரிவாள். பிடி அவரே செதுக்கியது. வியர்வையில் கறுத்து, அவர் விரல்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. கிளையின் அடிப்பக்கம் முதலில் ஒரு வெட்டு. சற்றுத் தள்ளி மேலிருந்து மூன்று வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்தது. மிச்சக் கட்டையை, மரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடாமல் சீவினார்.

“மேல மட்டும் வெட்டுனா பாரம் தாங்காம தோலக் கிழிச்சுக்கிட்டு எறங்கிரும் சார். புண்ணுல தண்ணி நின்னா உள்ள பொந்துதான். மோதிரத்த விட்டுவச்சா அதுவா மூடிக்கிரும்.”

வெட்டுவாயில் சிவப்பு வைரமும் மெல்லிய வாசனையும். தேயிலைப் பெட்டியும் சுருட்டுப் பெட்டியும் செய்த மரம் இது. ஆஸ்திரேலியாவில் இதே இனத்தைச் ‘செந்தேவதாரு’ என்று கொண்டாடி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் வெட்டித் தீர்த்தார்கள். திரும்பத் தோப்பாக வளர்க்கப் பார்த்தபோது குருத்துப்புழு விடவில்லை.

அந்தப் புழுவை அண்ணனும் காட்டினார். வாடிய நுனியை நகத்தால் பிளந்தார். பிசினும் எச்சமுமாக உள்ளே நெளிந்தது. நுனி செத்தால் பக்கக் கிளைகள் கிளம்பி மரம் கவையாகிவிடும், பலகைக்கு ஆகாது. அவற்றில் நேரான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். இவர் கன்றுகளைத் தென்னை நிழலில் வைத்திருக்கிறார். அரை நிழலில் புழுத் தொல்லை குறைவாம். விதைக்காய் வெடிக்குமுன் பறித்தாக வேண்டும். இறக்கையுள்ள விதை, காற்றில் போய்விடும். சில மாதத்துக்குமேல் முளைக்கவும் முளைக்காது. மண்கலவை பற்றியும் நெடுநேரம் சொன்னார். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

விலை பற்றிக் கேட்டேன். “நிக்கிற மரத்தக் கண்மதிப்புல பேசுவான். மில்லுல கன அடிக் கணக்குல விப்பான்.” இந்த இரண்டு கணக்குக்கும் இடையில்தான் விவசாயியின் பத்து, பதினைந்து வருஷம் காணாமல் போகிறது. கன்று விற்றவன் முதல் நாளே சம்பாதித்துவிட்டான். தரகன் கடைசி நாள் சம்பாதிக்கிறான். நடுவில் மரத்தை மரமாக்கிய கவாத்துக்காரருக்கு நாள்கூலி. கிளையிலிருந்து விழுந்தால் அதுவும் இல்லை. விழுந்து இடுப்பொடிந்த கூட்டாளி ஒருவர் பக்கத்துத் தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

மகோகனிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள், முதிர்ந்த மரத்தை எந்த மில் என்ன அளவில் எடுத்தது என்று ரசீதோடு கேளுங்கள். மரம் விற்கும்போது சுற்றளவும் நீளமும் நீங்களே டேப் பிடித்து எழுதி வையுங்கள். வாய்க்கால் கரை இருந்தால் நாலு சந்தன வேம்பும் வையுங்கள். கவாத்துக்கு ஆள் கூப்பிட்டால், அவர் பேருக்கு வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய்தான். உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய்.