விரலுக்கு ஏற்ற விசை



கொடைக்கானலில் இந்த வாரம் நல்ல குளிர். அரையாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து பேத்தி வந்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு. ஏர் ரைபிள் சுடுகிறாள். கடலூரில் பிறந்து இரண்டு ஒலிம்பிக்கில் சுட்ட இளவேனில் வாலறிவன் படத்தைத்தான் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் இந்த முறை ரைபிள் பெட்டியைத் திறக்கவே இல்லை. கேட்டால், "எனக்கு வராது தாத்தா, விட்டுடறேன்" என்றாள். போன போட்டியில் குறி நிலைக்கும் முன்பே இரண்டு குண்டு போய்விட்டதாம். "நான் அழுத்தவே இல்ல, அதுவே போயிடுச்சு" என்று அழுதாள்.

பெரிய வீரர்கள் மிக லேசான டிரிகர் வைப்பார்கள் என்று யாரோ சொல்ல, இவளும் குறைத்திருக்கிறாள். ஏர் பிஸ்டலுக்கு டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்று விதி உண்டு. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு அப்படி வரம்பு இல்லை. அவரவர் விருப்பம். அங்கேதான் சிக்கல்.

மறுநாள் காலை, ரைபிள் காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, குழலை மேல்நோக்கி நிறுத்தினோம். டிரிகரில் ஒரு கம்பிக் கொக்கி, அதில் சிறு பை. பூம்பாறைப் பூண்டு நிறுக்கும் பக்கத்துக் கடையில் எடைக்கல் வாங்கி வந்திருந்தேன். 50 கிராம் வைத்ததுமே 'டக்'. குளிரில் மரத்த விரலுக்கு அது தொட்டதே தெரியாது.

இந்த டிரிகர் இரண்டு கட்டமாக நகரும். முதல் கட்டம் முடிந்ததும் விரலுக்கு ஒரு தடுப்பு தெரிய வேண்டும். அங்கே நின்று, குறி நிலைத்த பின் மெல்ல அழுத்த வேண்டும். கையேட்டைப் பார்த்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். 150 கிராமில் விசை விடும்போது குழல் ஆடியது. 100 கிராம் அளவில் வைத்து, குண்டு போடாமல் இருபது முறை பழகினாள். "இப்ப தெரியுது தாத்தா" என்றாள். பத்துப் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். அதற்கு இந்தத் 'தெரிவது' முக்கியம். மதுரையில் பயிற்சியாளரிடம் காட்டி உறுதி செய்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் என்சிசி பார்த்த காலத்தில், ஒரு மெலிந்த பையன் பாயின்ட் 22 ரைபிளில் சுட்டதெல்லாம் வலப்பக்கம் கீழே போகும். "இழுக்காதே, அழுத்து" என்று கத்தினேன். "பயந்தாங்கொள்ளி" என்று எல்லார் முன்னும் சொல்லி அணியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பழைய ரைபிளின் டிரிகர் கனம். அவன் சின்ன விரலுக்கு முழுக் கையும் சேர்ந்தால்தான் அது நகரும். பேத்திக்காகக் கடைக்குப் போய் எடைக்கல் வாங்கிய நான், அன்று அந்தத் துப்பாக்கியை வாங்கி ஒருமுறை அழுத்திப் பார்க்கக்கூட இல்லை.

பெயர் எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். தவறு என்னுடையது தம்பி. மன்னித்துக்கொள்.

மலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து போங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.