போனவன் என்ன சொல்லி வந்தான்?



ஆலயத்துக்கு வர முடியாத முதியோருக்கு ஞாயிறு பிரசங்கத்தை ஒலிப்பதிவாக அனுப்புவது நம் வாலிபர் ஐக்கியத்தின் ஊழியம். பதிவுக் கருவி தரும் கோப்பு பெரியது. அதை எம்பி3 ஆகச் சுருக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்குக் கட்டளையிட, ரூபி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினோம்.

கட்டளையிடுவது ஒரு வரி வேலை. அது என்ன ஆயிற்று என்று கேட்டறிவதில்தான் அதிகம் கற்றோம்.

முழுக் கட்டளையையும் ஒரே வரியாகக் கொடுத்தால், பெயரில் இடைவெளி உள்ள கோப்பு இரண்டு பெயராக உடைந்துபோகும். சொற்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் பெயர் முழுதாகப் போய்ச் சேரும். அப்படி 'சிஸ்டம்' என்று அழைத்தால் மூன்றில் ஒரு பதில் வரும். வேலை நன்றாக முடிந்தால் 'ட்ரூ'. தொடங்கியும் முடியாமற்போனால் 'ஃபால்ஸ்'. அந்த மென்பொருளே கணினியில் இல்லையென்றால் 'நில்'.

விவரமும் வேண்டுமென்றால் 'ஓப்பன்3' தரும் 'கேப்சர்3' உண்டு. வெளியீடு, பிழைச்செய்தி, முடிவு நிலை மூன்றையும் அது கொண்டுவரும். எஃப்எஃப்எம்பெக்கோ, வேலை சரியாக நடந்தாலும் பிழைச்செய்திக்கான வழியில்தான் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முடிவு நிலை பூஜ்யமா என்றே பார்க்க வேண்டும்.

கர்மேல் பர்வதத்தில் எலியா தன் ஊழியக்காரனைக் கடலைப் பார்க்க அனுப்பியது நினைவிருக்கிறதா? ஒன்றுமில்லை என்ற பதிலையும் கேட்டுக்கொண்டு, ஏழுதரம் அனுப்பினார். அனுப்புகிறவருக்குப் பதில் கேட்கிற பொறுப்பும் உண்டு.

ஆனால் பூஜ்யம் என்றால் கோப்பு தயார் என்று மட்டுமே பொருள். பாட்டி கேட்டார்களா என்று அது சொல்லாது. ஆகவே பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டு, ஞாயிறு மாலையில் போன் செய்யத் தொடங்கினோம். முதல் வாரமே ஒரு பாட்டி, போனில் இடம் நிறைந்துவிட்டதால் மூன்று வாரமாகப் பிரசங்கம் திறக்கவில்லை என்றார்கள். "பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்" என்றார்கள். எங்களில் ஒருவர் அன்றே போய்ச் சரிசெய்தார். பாட்டி மூன்று பிரசங்கத்தையும் ஒரே மூச்சில் கேட்டார்களாம்.

இந்த வேலைக்கு நிரல் எழுத முடியாது. பட்டியலில் இன்னும் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஞாயிறு மாலையில் பத்து நிமிடம் தரக்கூடியவர்கள் எங்களிடம் சொல்லுங்கள்.