சித்தூர் வரைக்கும் சிவாஜியா?

வேலூரில் பழைய பட ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. 'வசந்த மாளிகை'யும் தெலுங்கு 'பிரேமநகர்' படமும் ஒரே கதைதானே, அதில் சித்தூர் வரைக்கும் சிவாஜி கட்சி, சந்திரகிரி தாண்டினால் நாகேஸ்வர ராவ் கட்சி என்று அடித்துச் சொல்வார்கள். ரசனைக்கும் செக்போஸ்ட் போட்டு வைத்திருக்கிறார்களா, பார்த்துவிடலாம் என்று காட்பாடியில் சித்தூர் பஸ் ஏறினேன்.

சித்தூர் அங்கிருந்து 35 கிலோமீட்டர். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடை போர்டுகள் தெலுங்குக்கு மாறின. பஸ்ஸுக்குள் பேச்சு மாறவில்லை. ஒரு அம்மா போனில் மகளைத் தமிழில் திட்டிவிட்டு, பேரனைத் தெலுங்கில் கொஞ்சினார். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது இந்த மாவட்டம் அந்தப் பக்கம் போனது, மா.பொ.சி.யின் போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரலில் திருத்தணி மட்டும் நம் பக்கம் வந்தது. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கோட்டின் மேலேயே குடித்தனம் நடத்துகிறவர்களிடம்தான் நான் சினிமா கேட்கப் போகிறேன்.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. டீ 12 ரூபாய், இஞ்சி தூக்கல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான தையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். தாய்மொழி தெலுங்கு. கணக்குப்படி அவர் நாகேஸ்வர ராவ் பக்கம் இருக்க வேண்டும். "சிவாஜிதான் சார். நாகேஸ்வர ராவ் குடிச்சா பாவமா இருக்கும். சிவாஜி குடிச்சா பயமா இருக்கும்" என்றார். அந்தக் காலத்தில் 'வசந்த மாளிகை' பார்க்க வேலூர் போய்வந்தாராம்.

அருகில் மளிகைக்கடைக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அவர் எதிர்க்கட்சி. "குடிகாரன் வேஷம்னா அது நாகேஸ்வர ராவ்தான். 'தேவதாஸ்'லேயே குடிச்சுக் காட்டினவரு" என்றார். 'பிரேமநகர்' மாதிரியே அதுவும் நாவலிலிருந்து வந்ததுதான், சரத்சந்திரர் எழுதி 1917இல் வெளிவந்தது. 1953இல் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் நாகேஸ்வர ராவே நடித்தார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் ஒருநாளும் வேற்று ஆள் இல்லை.

வாய்ச்சண்டை முற்றியது. தையல்காரர் போனை எடுத்து பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்து யூடியூபில் படத்தைப் போட்டார். திரையில் குறுக்கே ஒரு கீறல்; சிவாஜியின் முகத்தை அது சரிபாதியாக வெட்டியது. பஸ் ஹாரனில் பாதி வசனம் காதில் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு பேருடைய உதடும் முன்கூட்டியே அசைந்துகொண்டிருந்தது. பாலமுருகனின் தமிழ் வசனம் தெலுங்குக்காரருக்கு அட்சரம் பிசகாமல் வந்தது. நாகேஸ்வர ராவ் கட்சிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "தூசி" என்றார். அவர் சொன்னதை விட்டுவிட்டு, துடைத்ததை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அரை மணி நேரம் பேசியும் ஆண்கள் யாரும் கதாநாயகியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடி, மாளிகை, கடைசியில் விஷம் குடிக்கும் காட்சி, அத்தோடு சரி. இத்தனைக்கும் இரண்டு படத்திலும் மாறாமல் இருப்பவர் அவர்தான். 1971 செப்டம்பர் 24இல் வந்த 'பிரேமநகர்', அடுத்த ஆண்டு செப்டம்பர் 29இல் வந்த 'வசந்த மாளிகை', இரண்டிலும் நெல்லூர்க்காரரான வாணிஸ்ரீ. தயாரிப்பாளர் ராமாநாயுடு, இயக்குநர் கே.எஸ். பிரகாஷ் ராவ், இசை கே.வி. மகாதேவன், இவர்களும் இரண்டுக்கும் பொது. 1974இல் ராஜேஷ் கன்னா, ஹேமமாலினியை வைத்து இந்தியில் எடுத்ததும் இதே பிரகாஷ் ராவ்தான்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு சுமார் 70 கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால்வாசி பெண்கள். ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு பஸ் இலவசம். ஆதார் அட்டையைக் காட்டினால் கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். நான் மட்டும் காசை எண்ணினேன். சாலையோரம் மாம்பழக்கூழ் ஆலைகள் சீசன் முடிந்து கேட் சாத்திக் கிடந்தன. காணிப்பாக்கம் பிள்ளையாருக்குப் பிரியும் இடத்தில் ஒரு கூட்டம் இறங்கியது, எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

முன் சீட்டில் மாமியாரும் மருமகளும். மாமியார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தயங்கித்தான் கேட்டேன். "அந்தக் கதையா தம்பி? சினிமாவுக்கு முன்னாடியே நான் வாராவாரம் தொடரா படிச்சவ. கோடூரி கௌசல்யாதேவி எழுதினது" என்றார். அன்றைக்கு நான் பேசிய அத்தனை பேரிலும் எழுதியவர் பெயரைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நாகேஸ்வர ராவ் நூற்றாண்டுக்கு 2024இல் ஊர் ஊராக அவருடைய பத்துப் படங்களைத் திரையிட்டார்கள். அதில் 'பிரேமநகர்', 'டாக்டர் சக்கரவர்த்தி' இரண்டும் கௌசல்யாதேவியின் நாவல்களிலிருந்து எடுத்தவை. பத்தில் இரண்டு! போஸ்டரில் நடிகர் முகம் இருக்கும், எழுதினவர் பெயரை யார் தேடுகிறார்கள்?

ஆசிரியைக்கு சிவாஜி, நாகேஸ்வர ராவ் இரண்டு பேர் மேலும் பெரிய அபிப்பிராயம் இல்லை, கதாநாயகியைப் பற்றித்தான் பேசினார். "ஏர்ஹோஸ்டஸா இருந்தவ, அப்புறம் செக்ரட்டரியா சம்பாதிச்சு வீட்டைக் காப்பாத்தறா. அந்தக் காலத்துல அதைப் படிக்கிறப்போ எங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா? சினிமாவுல அவ வேலை பாக்கறதைவிட புடவை கட்டறதுதான் நிறைய." அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பினார். "நீங்களும்தானே அத்தை வாணிஸ்ரீ கொண்டை போட்டுக்கிட்டு போட்டோ எடுத்தீங்க." மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மருமகள் படத்தை டி.வி.யில் பார்த்தவர். அவருடைய ஆட்சேபம் வேறு. நகை காணாமல் போனதும் பழி கதாநாயகி மேல் விழுகிறது. ஊர் சந்தேகப்படட்டும், உருகி உருகிக் காதலித்தவனும் சந்தேகப்படுகிறான். "அங்கயே முடிஞ்சு போச்சுங்க. அப்புறம் அவன் விஷம் குடிச்சா என்ன, வேற எதைக் குடிச்சா என்ன? இவ எதுக்குத் திரும்பி ஓடி வரணும்?" மாமியார் ஒப்பவில்லை. "வந்தது அவனுக்காக இல்ல, அவ மனசுக்காக." சந்திரகிரி கோட்டை மலை ஜன்னலில் வந்து போகும்வரை இருவரும் விடவில்லை. டீக்கடையில் நான் கேட்டது நடிகர் சண்டை. கதையைப் பற்றிய விவாதத்தை இங்கேதான் முதல் முறையாகக் கேட்டேன். வேலூர் நண்பர்கள் போட்ட கோடு இருவரும் கவனிக்காமலே பின்னால் போய்விட்டது.

திருப்பதியில் வெயில் மண்டையைப் பிளந்தது. மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஆட்டோக்காரர் "சாமி, எண்பது" என்றார், ஐம்பதுக்கு வந்தார். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் போகும்போது அவரிடமும் கேட்டேன். "பழைய படமெல்லாம் இங்க யாரு சாமி பாக்கறா?" என்று முடித்துக்கொண்டார்.

கோயில் தெருவில் துளசி மாலையும் குங்குமமும் விற்கும் ஒரு கடை. அங்கே சின்ன ஸ்பீக்கரில் 'வசந்த மாளிகை' பாட்டு, கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது. கடைக்காரர் தெலுங்குக்காரர். "காஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆளுங்க நிறைய வர்றாங்க. வியாபாரத்துக்காகப் போடறேன், எனக்கு கண்டசாலாதான்" என்றார். சரி என்று மாலைகளைப் புரட்டிக்கொண்டே நின்றேன். தமிழ்க் குடும்பம் ஒன்று பேரம் பேசி, 40 ரூபாய் மாலையை 30க்கு வாங்கிக்கொண்டு போனது. கடையில் வேறு தமிழ் ஆள் இல்லை, நான் இருப்பதை அவர் மறந்துவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டி.எம்.எஸ். குரலை ஏற்றுகிற இடத்தில் அவர் விரல் கல்லாப்பெட்டி மேல் தாளம் தட்டியது. பாட்டு முடிந்ததும் அதையே திரும்ப வைத்தார்.

கடைசியாக ஒரு பழைய புத்தகக் கடை. 'பிரேமநகர்' நாவல் இருக்கிறதா என்றேன். இல்லை. அடுக்கில் யத்தனபூடி சுலோசனாராணி நாவல்கள் முதுகு கிழிந்து நின்றன. 'மீனா', 'ஜீவன தரங்காலு', 'செக்ரட்டரி', மூன்றுமே சினிமாவானவை. 'செக்ரட்டரி' படத்திலும் நாகேஸ்வர ராவ், வாணிஸ்ரீ ஜோடிதான். ஒரு பிரதியின் உள் அட்டையில் வாடகை நூலக முத்திரை, அதன் கீழே பேனாவில் தேதிகள் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எழுத இடமில்லாமல் ஓரத்துக்கு வழிந்திருந்தன.

"லேடீஸ்தான் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் 80 ரூபாய் கொடுத்து 'மீனா'வை எடுத்தார். வீட்டம்மாவுக்காம். ஆனால் பையில் போடவில்லை. சுவரோரம் நிழல் பார்த்து நின்று, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். விடுவேனா? 'பிரேமநகர்' பற்றிக் கேட்டேன். "படத்துல அவன் அழுதா கேமரா கிட்ட போகுது. அவ அழுதா தள்ளி நிக்குது. அதான் புஸ்தகம் தேடறேன், எங்கயும் கிடைக்கல" என்றார், தலையைத் தூக்காமலே.

புத்தகம் வந்தால் 150 ரூபாய் ஆகும், முன்னால் கேட்டவர் ஒருத்தர் இருக்கிறார், அடுத்த பிரதிதான் உங்களுக்கு என்றார் கடைக்காரர். முன்னால் கேட்டவர் சுவரோரம் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். நான் 50 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து என் போன் நம்பரை எழுதிவைத்துவிட்டு வந்தேன்.