அரை மணி நேரத்தில் பொள்ளாச்சி - ஒரு சின்னக் கணக்கு

"உக்கடத்துல கிளம்புனா அரை மணி நேரத்துல பொள்ளாச்சிடா!" என்று நண்பன் ஒருவன் போன வாரம் அளந்து விட்டான். பைக் புதுசு. நானும் ஆகா ஓகோ என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டேன். கொஞ்சம் பயமாகிவிட்டது. நீங்களும் போட்டுப் பாருங்க. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கோவை - பொள்ளாச்சி சுமார் 40 கி.மீ. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். அரை மணியில் 40 என்றால் மணிக்கு 80 கி.மீ. ஆனால் இது சராசரிதான். ஈச்சனாரி, ஒத்தக்கால்மண்டபம் என்று வழியெல்லாம் ஊர்கள். முதல் 20 கி.மீ.யை 60-ல் போனால் 20 நிமிடம் போய்விடும். மீதி 20 கி.மீ.க்கு இருப்பது 10 நிமிடம். அதாவது மணிக்கு 120! இங்கேயே பயல் விட்டது ரீல் என்று தெரிந்துவிட்டது.

சரி, பிரேக்குக்கு வருவோம். கி.மீ. கணக்கை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற, 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும் (1000 மீட்டர், 3600 விநாடி, அவ்வளவுதான் ரகசியம்). 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20 மீட்டர்.

குறுக்கே ஒரு மாடு வருகிறது. அதைப் பார்த்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த பிறகு ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 5 மீட்டர் குறைகிறது என்போம். இதுதான் நாம் பரீட்சைக்கு மட்டும் படித்த எதிர் முடுக்கம்!

36-ல் போனால்: யோசிக்கும் விநாடியில் 10 மீட்டர். நிற்க 2 விநாடி, சராசரி வேகம் 5, ஆக இன்னொரு 10. மொத்தம் 20 மீட்டர்.

72-ல் போனால்: யோசிக்கவே 20 மீட்டர். நிற்க 4 விநாடி, சராசரி 10, ஆக 40. மொத்தம் 60 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கு, தூரமோ மூன்று மடங்கு. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும் பார்த்தால் நான்கு மடங்கு. மழையில் பிரேக் பாதிதான் பிடித்தால் அந்த 40 மீட்டர் 80 ஆகிவிடும்.

என்னைத் தூங்க விடாதது வேறொன்று. மாடு 20 மீட்டரில் நின்றால், 36-ல் வந்தவன் அதன் முன்னால் நின்றுவிடுகிறான். 72-ல் வந்தவன் அந்த இடத்தில் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறான். வேகம் ஒரு துளி கூடக் குறையாமல் போய் மோதுகிறான்.

இதனால் மிச்சமாகும் நேரம்? 40 கி.மீ. முழுக்க 54-ல் போனால் சுமார் 44 நிமிடம், 72-ல் போனால் 33. பதினொரு நிமிடம். பேக்கரியில் ஒரு டீ, ஒரு பஃப்ஸ்.

துண்டுச் சீட்டை நண்பனிடம் காட்டினேன். "போடா வாத்தியாரே" என்று சிரித்தான். ஆனால் சீட்டைக் கசக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் வண்டிச் சாவியை எடுக்கும்போதெல்லாம் அப்பா "பாத்துப் போ கண்ணு" என்பார். அதற்குள் இத்தனை கணக்கு இருந்திருக்கிறது.