பழைய கணனியும் ஒரு பழைய நேர்காணலும்

கடந்த மாதம் நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். 2001ஆம் ஆண்டு நான் எழுதிய ஒரு நேர்காணலின் பத்திரிகைத் துண்டு யார் மூலமாகவோ அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. கலகெதரவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் முதியவரோடு நான் உரையாடியது அது. அம்முதியவர் தம்முடைய பாட்டியின் அண்ணன் என்றார் இளைஞர்.

"ஐயா, பேப்பரில் வந்ததற்கு மேலே பெரியவர் ஏதாவது சொன்னாரா? பாட்டியைப் பற்றி?"

சொல்லியிருந்தார். இடம் போதவில்லை என்று அதை வெட்டியவன் நான்தான்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டதை வாசகர்கள் அறிவர். ஒரே லயத்தில் பிறந்தவர்களில் ஒருவர் அங்கும் ஒருவர் இங்குமாயினர். தலைமன்னாருக்கு அவர்களைச் சுமந்து சென்ற புகைவண்டிக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. முதியவரின் தங்கை அதில் ஏறியது 1972இல்.

வெட்டப்படாத மூலம் எனது பழைய கணனியில் இருந்தது. பென்டியம் 3, விண்டோஸ் 98. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அலுமாரியின் மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. முதலாளித்துவ உலகம் அந்த இயங்குதளத்தை 2006 ஜூலையிலேயே கைகழுவிவிட்டது. நான் மட்டும் ஏனோ அந்தப் பெட்டியை வீசவில்லை. (வீசும்படி வீட்டில் வந்த ஆணைகள் பல.)

இறக்கி மின் இணைப்புக் கொடுத்தேன். விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே நின்றது. மூடியைத் திறந்த மருமகன், தாய்ப்பலகையில் தலை வீங்கி நின்ற நான்கு கெப்பாசிட்டர்களைக் காட்டினான். கலகெதர டவுனில் தொலைக்காட்சி திருத்தும் பாஸ் ஒருவர் அவற்றைக் கழற்றிப் புதியன பற்றவைத்துத் தந்தார். நாணயம் போன்ற அந்தச் சிறு பற்றரியும் செத்திருந்தது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கணனி தன் அமைப்புகளையெல்லாம் மறந்துவிடும். மணிக்கூட்டுக் கடையில் அதே பற்றரி கிடைத்தது. இப்போது திரை ஒளிர்ந்தது. ஆனால் விண்டோஸ் பாதியில் நின்று, ஏதோ கோப்பைக் காணவில்லை என்றது.

"மாமா, வன்தட்டைக் கழற்றி என் மடிக்கணனியில் பார்ப்போமே" என்றான் மருமகன். நல்ல யோசனைதான். அதற்குரிய இணைப்பானைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுத்துவிட்டான். ஆனால் நேர்காணல் பேஜ்மேக்கர் 6.5 கோப்பு. அவனிடமிருந்த எந்த மென்பொருளும் அதைத் திறக்க மறுத்தது. ஆக, பழைய வீட்டுக்குள் போய்த்தான் பழைய பெட்டியைத் திறக்க வேண்டும்.

வன்தட்டை அழிக்காமல், இருந்ததன் மேலேயே விண்டோஸ் 98ஐ மீண்டும் நிறுவினோம். அப்படிச் செய்தால் முன்பு நிறுவிய மென்பொருள்கள் பிழைத்துக்கொள்ளும். இறுவட்டில் கீறல், இரண்டு தடவை பாதியில் நின்றது. பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து மூன்றாம் முறை போட்டோம். கேட்கப்பட்ட இருபத்தைந்து எழுத்துத் திறவுச்சொல் 2000ஆம் ஆண்டு நாட்குறிப்பின் பின்னட்டையில் என் கையெழுத்திலேயே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு அந்தப் பழைய வரவேற்பு இசை ஒலித்தபோது, உறங்கிய மனைவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

பேஜ்மேக்கர் திறந்தது. பாமினி எழுத்துருவில், அக்காலத்து இலங்கைப் பத்திரிகைகளின் முகத்தோடு, முதியவரின் பேச்சு திரையில் விரிந்தது.

வெளியே எடுப்பது இன்னொரு கூத்து. பாமினியில் நாம் 'தமிழ்' என்று தட்டச்சினாலும் கணனி நினைவில் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு அதன்மேல் போர்த்திய சட்டை மட்டுமே. ஆகவே வெறும் உரையாகச் சேமித்து, வன்தட்டை மறுபடி கழற்றி, மருமகனின் கணனியில் யூனிகோடுக்கு மாற்றினோம். சில இடங்களில் சிதைந்திருந்ததை நான் திரையைப் பார்த்துத் திருத்தினேன்.

திருத்தும்போதுதான் முழுவதையும் வாசித்தேன். அடுத்த கப்பலில் வருவதாகத் தங்கையிடம் சொல்லியே கண்டிப் புகையிரத நிலையத்தில் அவரை ஏற்றியிருக்கிறார் முதியவர். ஆனால் அப்போதே அவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டிருந்தார். "உண்மையைச் சொன்னால் அவள் ஏறியிருக்க மாட்டாள். அவள் புருஷனும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்களே" என்பது அவர் வாக்கு. இதை எப்படி நான் வெட்டினேன்? மிஞ்சிய பந்தியில் ஒப்பந்தத்தின் புள்ளிவிபரங்களை வைத்திருந்தேன்.

பாட்டி உயிரோடிருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். அண்ணன் ஏன் வரவில்லை என்று இன்றுவரை கேட்பாராம். அண்ணன் காலமாகிப் பல ஆண்டுகள். அனுப்புவதா, இல்லையா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். ஒரு முறை வெட்டியது போதும் என்று தோன்றியது. முழுவதையும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் இரவு இளைஞர் அழைத்தார். வாசித்துக் காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை.

"ஐயா, லயத்தின் கோடியில் ஒரு பலாமரம் இருந்ததாம். இன்னும் இருக்கிறதா என்று பாட்டி கேட்கிறார்."

வரும் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போகிறேன்.