கள்ளாமை படிப்பித்த நாள்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, இலக்கியச் சுவை பற்றியே எழுத எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற ஆண்டு எமது வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்று மனத்தை விட்டகலாது நிற்றலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம். அஃது எமக்குப் பெருமை தருவதொன்றன்று.

திருக்குறளின் 29 ஆம் அதிகாரமாகிய கள்ளாமையைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். களவு கையால் மட்டுமன்றி மனத்தாலும் நிகழ்வது என்பதை விரித்துரைத்த வேளையில், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், நீங்கள் போன கிழமை வட்ஸ்அப்பில் அனுப்பின கதைப் புத்தகமும் களவு தானே?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாமும் நகைத்தோம்; ஆயின் விடை கூற வாய் எழவில்லை.

அவன் கூறியது மெய். பழைய மாணவர் ஒருவர் எழுதிய சிறுகதைத் தொகுதியை எவரோ பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கோப்பாக்கியிருந்தார். நண்பர் ஒருவர் எமக்கு அனுப்ப, யாம் அதனை நாற்பது மாணவருக்கு அனுப்பினோம். பிள்ளைகள் வாசிக்கட்டும் என்னும் நல்லெண்ணமே எம்மிடம் இருந்தது. பிறர் பொருளை எடுக்கின்றோம் என்னும் நினைவு சிறிதும் எழவில்லை. அஃது ஏன் எழவில்லை என்பதே அன்று எம்மை வருத்திய வினா.

எமது இளமைக் காலத்தை எண்ணிப் பார்த்தோம். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருட்டடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட காலம் அது. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கடையிற் கொடுத்தால் ஒலிநாடாவிற் பதிந்து தருவர். படமோ, பிரதியின் பிரதியாய் வந்த வீடியோ நாடாவில், ஜெனரேற்றரின் இரைச்சலுக்கிடையே பார்த்ததாகும். 2002 இற் பாதை திறந்தபின் இறுவட்டுக்கள் வந்தன. உரிய விலை கொடுத்து உரியவரிடம் வாங்கும் வழி எமக்கு இருந்ததேயில்லை. வழியில்லாக் காலத்திற் பழகிய கை, வழி பிறந்த பின்னரும் பழைய இடத்தையே நாடுகின்றது.

இஃது எம்மவர்க்கே உரிய குறையுமன்று. 1999 இல் அமெரிக்காவில் நப்ஸ்ரர் என்னும் கணினிச் சேவை தோன்றியபோது, இலட்சக்கணக்கானோர் பாடல்களைக் காசின்றிப் பகிர்ந்துகொண்டனர். 2001 இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பகிர்தலோ வேறு வழிகளிற் பெருகியது. 2003 இல் அப்பிள் நிறுவனம் ஒரு பாடலை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியதும், முன்னர் இலவசமாய் எடுத்தவருட் பலர் காசு கொடுக்க முன்வந்தனர். எளிய வழியும் இயன்ற விலையும் இருப்பின் மாந்தருட் பலர் நேர்வழியே நடப்பர் என்பது இதனாற் புலனாகும். நெற்பிளிக்ஸ் 2016 இல் இலங்கைக்கு வந்தது. எனினும் கடனட்டை இல்லாத வீட்டுக்கு அத்தகைய கதவுகள் எளிதில் திறப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிற் கடதாசி விலை ஏற, புத்தக விலையும் ஏறிற்று. இவையெல்லாம் உண்மைக் காரணங்கள்.

ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் எமக்குப் பொருந்தவில்லை. நூலாசிரியர் எமது கல்லூரியிலிருந்து இரண்டு கட்டைத் தொலைவிலேதான் வசிக்கின்றார். நூலின் விலையும் எம்மால் இயலாததன்று. எம்மை மயக்கியது வேறொன்று. ஒருவரின் சைக்கிளை எடுத்தால் அவர் நடந்து போவதைக் கண்ணாற் காண்கின்றோம். நூலைப் பிரதி செய்தால் அவருடைய நூல் அவரிடமே இருக்கின்றது. இழந்தவர் முகம் தெரியாமையால் நெஞ்சு சுடுவதில்லை. எல்லாருஞ் செய்கின்றனர் என்னும் ஆறுதலும் உடன் சேர்கின்றது.

அம்முகத்தைக் காண அன்று மாலையே சென்றோம். ஓய்வுபெற்ற அப்பெரியவர் தம் கைக்காசில் 300 பிரதிகள் அச்சிட்டிருந்தார். பாதிக்கு மேற்பட்டவை கட்டிலின் கீழ்ப் பெட்டிகளில் இருந்தன. நிகழ்ந்ததை மறையாது கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "மாஸ்ரர், நாற்பது பிள்ளையள் வாசிச்சது எனக்குச் சந்தோசந்தான். ஆனால் இது வித்த காசிலைதான் மற்றப் புத்தகத்தை அடிப்பம் எண்டு இருந்தனான்" என்றார். தேநீரும் தந்தார். ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

யாம் எடுத்தது அச்சிட்ட தாளையன்று, இனி எழுதப்படவிருந்த நூலையே என்பது அப்போது விளங்கிற்று. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அவருரிமையைக் காக்கின்றது. கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் முழுநூலையும் நாற்பது பேருக்கு அனுப்புதல் நியாயமான அளவென்று எமது மனம் ஒப்பவில்லை.

மறுநாள் வகுப்பில், "நீ கேட்டது சரி, நாங்கள் செய்தது பிழை" என்று அம்மாணவனிடம் கூறினோம். இருபது பிரதிகள் வாங்கி வகுப்பு நூலகத்தில் வைத்தோம். இலவசமாய் வாசிப்பதெல்லாங் களவன்று என்பதையும் எடுத்துரைத்தோம். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும், ஈழத்து நூல்களைப் பேணும் நூலகம் இணையத்தளத்தையும் காட்டினோம். அந்த ஆண்டில் யாம் படிப்பித்த பாடங்களுள் மாணவர் மறவாதது அதுவேயென எண்ணுகின்றோம்.

பழைய மாணவரே, உம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவருள் எழுதுவோர் பலர் உளர். அவர்தம் நூல் உமது கைத்தொலைபேசிக்கு வந்து சேருமாயின், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் ஒருகால் அவரை அழைத்துப் பேசுக. கட்டிலின் கீழே பெட்டி ஏதும் உண்டோ என்று கேட்பீராக.