காவிரிக் கரையில் இரண்டு நாள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாகக் கோயில் யாத்திரை கிளம்புகிறவர்கள் மாமல்லபுரம், சிதம்பரம், திருக்கடையூர், நாகப்பட்டினம் என்று இறங்கி ராமேஸ்வரத்தில் முடிப்பார்கள். வழியில் திருச்சிக்கு ஒரு மதியம் ஒதுக்குவார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்த கையோடு வண்டி ஏறிவிடுவார்கள். அந்த ஒரு மதியத்தை இரண்டு நாளாக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரையிலிருந்து 1987-ல் முடிந்த ராஜகோபுரம் வரைக்கும் இங்கே ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1-ஆம் எண் பஸ் ஏறினால் திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விடும்.

முதல் நாள் காலை மலைக்கோட்டை. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். படிகளும் நானூறுக்கு மேல். தாயுமானவரைத் தரிசித்துவிட்டு உச்சிப்பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில்தான் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த லலிதாங்குர பல்லவேஸ்வர கிருஹம் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறுகிற கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. உள்ளே போய் நில்லுங்கள். சுவர் முழுக்க கங்காதரர். ஒரு காலைப் பூதத்தின் மேல் ஊன்றி, ஒரு கையால் சடையின் ஒரு கற்றையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வானிலிருந்து இறங்கி வரும் கங்கை, சின்னப் பெண்ணாய், கை கூப்பியபடி அதை நோக்கி வருகிறாள்.

சிற்பத்தை ஒட்டிய தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிப் பாடல்கள் வெட்டியிருக்கின்றன. அதில் ஒரு கற்பனை எனக்கு மிகவும் பிடித்தது. சிவனுக்கு ஆறுகள் மேல் ஆசை அதிகம். இவ்வளவு அழகான காவிரியைப் பார்த்தால் மனம் போய்விடுமோ என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, ‘இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இன்னொரு பாடலில் சிவனே அரசனைக் கேட்கிறார்: கீழே தரையில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் இந்த மலைக்கோயில். இதைத் தெரிந்துகொண்டு உச்சிக்கு ஏறிப் பாருங்கள். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். இரண்டு நாளில் போகவேண்டிய வழி முழுவதும் கண்ணில் பட்டுவிடும்.

இந்த யாத்திரைக்கு மாதம் பார்த்து வருவதும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் காவிரியில் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்க முடியும். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவம், பகல் பத்து, ராப்பத்து என்று நாள்கணக்கில் நடக்கும்; உற்சவம் பார்க்க வேண்டும் என்றால் அப்போது வரலாம், கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் கூடாது.

மலையிலிருந்து இறங்கி, முற்பகல் பதினொன்றரைக்குள் திருவானைக்காவலுக்குப் போய்விட வேண்டும். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. ஜம்புகேஸ்வரர் சந்நிதியில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறும். ஒன்பது துளை உள்ள கல் சாளரம் வழியாகத்தான் முதலில் சுவாமியைப் பார்க்கிறோம். உச்சிக்கால பூஜையை விடவே கூடாது. அகிலாண்டேஸ்வரி சந்நிதி அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, மேளத்தோடு சுவாமி சந்நிதிக்கு வருவார். அம்பாளே வந்து ஈசனைப் பூஜிப்பதாக ஐதீகம். கோபூஜையும் நடக்கும். தினமும் நடப்பதுதான், நேரம் தெரியாமல் வருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாம் நாள் முழுக்க ஸ்ரீரங்கத்துக்கு. விடியலில் விஸ்வரூப தரிசனம். பசுவும் யானையும் பெருமாள் முன் வந்து நிற்கும். சேவித்துவிட்டு, வெளியே வந்து, தெற்கு ராஜகோபுரத்தடியிலிருந்து மறுபடி உள்ளே நடங்கள். 236 அடி, 13 நிலை. விஜயநகரக் காலத்தில் தொடங்கி நின்றுபோய், பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. அகோபில மடத்தின் 44-ஆவது பட்டம் அழகிய சிங்கர் எடுத்து முடித்தார். கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச்சில். வெளிப் பிராகாரங்கள் எல்லாம் ஜனங்கள் குடியிருக்கும் வீதிகள்: பாத்திரக் கடை, காய்கறிக் கடை, சித்திரை வீதி, உத்திர வீதி. ரங்கா ரங்கா கோபுரத்தில் செருப்பைக் கழற்றிய பிறகு அவசரப்படாதீர்கள். வேணுகோபாலன் சந்நிதியின் வெளிச்சுவரில் ஒருத்தி வீணை வாசிக்கிறாள், ஒருத்தி கிளியோடு நிற்கிறாள், ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள். சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிய குதிரைகள். மேலே வீரன், அவன் ஈட்டி பாய்ந்த புலி, அடியில் வாள் பிடித்த ஆட்கள். எல்லாம் ஒரே கல்லில்.

இந்த மதில்களுக்குள் நடந்ததை நினைக்காமல் இங்கே நடக்க முடியாது. 1323-ல் டெல்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியரும் சிலரும் உற்சவர் அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். வயது முதிர்ந்த ஆசாரியர் மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியிலேயே பரமபதித்தார். உற்சவர் மலையாள தேசம் சுற்றித் திருப்பதி சேர்ந்தார். அவர் இருந்த இடம் இன்றும் திருமலையில் ரங்கநாயக மண்டபம். விஜயநகரத் தளபதி கோபணார்யர் 1371-ல் அவரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். 48 வருஷம். அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. இங்கே உள்ள கல்வெட்டுகள் அறுநூறுக்கு மேல்.

அதனால் ஒரு வேண்டுகோள். மிஞ்சின திருமண்ணையும் குங்குமத்தையும் தூணில் தடவாதீர்கள். கூட வருகிற குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். எழுத்துகள் அடைந்துபோகின்றன. ஒரே நாள்தான் முடியும் என்றால், காலையில் மலைக்கோட்டையும் உச்சிக்காலத்தில் ஆனைக்காவும் பாருங்கள். சாயங்காலம் ரங்கநாதரைச் சேவித்துக்கொள்ளுங்கள். மண்டபங்களை ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். அதற்கு இன்னொரு தடவை வாருங்கள்.